ருசி கண்ட பூனையை உறியிலிருந்து இறக்குவது எப்படி

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் சாளை. தூத்துக்குடிப் பக்கம் மத்தி மீனை அப்படித்தான் சொல்வோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் மீன்காரம்மாவின் கூடையிலிருந்து ஒரு சாளையைக் கவ்விக்கொண்டு, விடவும் மனசில்லாமல் தின்னவும் தெரியாமல் உறுமிக்கொண்டு நின்ற குட்டி அவன். அன்றைக்கு விழுந்த பெயர் நின்றுவிட்டது. அவன் திருடுவதை நாங்கள் ரொம்ப நாள் ரசித்தோம். அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால் சிரிப்போம், பால் சட்டிக்குள் தலையை விட்டால் போட்டோ எடுப்போம்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரியோடு அந்தச் சிரிப்பு போய்விட்டது. கடையில் வாங்கி வந்த சுக்கா பொட்டலத்தை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, தையல் மெஷினை மூடிவைக்கப் போனேன். ஐந்து நிமிஷம்கூட இருக்காது. திரும்பி வந்தால் வாழையிலை கிழிந்து கிடக்கிறது, பாதிக் கறி தரையில், சாளை பீரோவுக்கு அடியில். கறி போனால் போகட்டும் என்று கூட்டி அள்ளினேன். பொட்டலம் கட்டியிருந்த வெள்ளை நூல் எங்கே என்று நான் தேடவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து வாந்தி. மீனை வைத்தால் மோந்துகூடப் பார்க்கவில்லை. மத்தியானம் அவன் வாயோரத்தில் ஒரு விரற்கடை நூல் தொங்கியது. மகன் அதைப் பிடித்து லேசாக இழுத்தான். சாளை போட்ட கத்தலில் பயந்து விட்டுவிட்டான். விட்டதுதான் நல்லதாகப் போயிற்று. நூலின் ஒரு பக்கம் நாக்குக்கு அடியில் மாட்டியிருந்தது, மறுபக்கம் குடலுக்குள் போயிருந்தது. நான் தையல்காரி என்று டாக்டருக்குத் தெரியும். “பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்கிக்கொண்டு வருமில்லையா, குடலும் அப்படித்தான் சுருங்கும். இன்னும் இழுத்தால் நூலே குடலை அறுத்துவிடும்” என்றார். வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். பத்து நாள் கழுத்தில் கூம்புப் பட்டையோடு சுவரில் முட்டி முட்டி நடந்தான்.

தையல் பிரிக்கப் போன அன்று அவர் மூன்று கேள்வி கேட்டார். பூனைக்கு என்ன போடுகிறீர்கள்? எத்தனை மணிக்கு? உங்கள் சாப்பாடு வீட்டில் எங்கெங்கே இருக்கும்? முதல் இரண்டுக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். மூன்றாவதுக்குத் தெளிவாகப் பதில் இருந்தது: எல்லா இடத்திலும். அன்றிலிருந்து இரண்டரை மாதம் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பூனை நூல் வரைக்கும் போவதற்கு முன்னால் இது உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் வயிற்றைப் பாருங்கள்

பழக்கத்தை மாற்றுவதற்கு முன்னால், பூனைக்கு உண்மையிலேயே பசிக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். வயிற்றில் பூச்சி இருந்தால் எவ்வளவு போட்டாலும் உடம்பில் ஒட்டாது. வளர்ந்த பூனைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குடற்புழு மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். எடைக்குத் தகுந்த அளவுதான் கொடுக்க வேண்டும், அதனால் டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள். அரசுக் கால்நடை மருந்தகத்திலும் கேட்கலாம். எடை பார்ப்பது சுலபம். பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுங்கள், அப்புறம் பூனையில்லாமல் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்டுப்பட வேண்டும், ஆனால் பார்வைக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது.

இதுவரை ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று பேயாய்ச் சாப்பாட்டுக்கு அலைந்தால், அதுவும் எட்டுப் பத்து வயதுக்கு மேல் என்றால், டாக்டரிடம் போவதுதான் முதல் வேலை. தைராய்டு அதிகமானாலும் சர்க்கரை வந்தாலும் பூனைக்குப் பசி கூடும், ஆனால் உடம்பு இளைக்கும். தண்ணீரும் நிறையக் குடிக்கும். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிற பூனைக்கும் பசி அதிகம். கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகும் அப்படித்தான், ஆனால் அப்போது உடம்புக்குத் தேவைப்படுவது குறைந்துவிடும். இதெல்லாம் இருக்கும்போது பூனையைத் திட்டிப் புண்ணியமில்லை.

சாளைக்கு நோய் ஒன்றும் இல்லை. நாங்கள் போட்ட சாப்பாடுதான் சரியில்லை. காலையில் பால், மத்தியானம் மீன் குழம்பு விட்டுப் பிசைந்த சோறு, ராத்திரி தயிர்ச்சோறு. வயிறு உப்பும், ஆனால் இரண்டு மணி நேரத்தில் மறுபடி மேடையில் ஏறிவிடுவான். பூனை கறி தின்றே பிழைக்கிற பிராணி. டாரின் என்று ஒரு சத்து. நம் உடம்பு அதைத் தானே செய்துகொள்ளும், பூனையின் உடம்பால் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது. கறி, மீனிலிருந்துதான் அதற்குக் கிடைக்க வேண்டும். ரொம்ப நாள் கிடைக்காமல் போனால் கண் பார்வையும் இதயமும் கெடும். சோறு பிசைந்து போட்டு வளர்க்கிற வீடுகளில் பூனை மேடையேறுவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நான் நம்புகிறேன். பாலும் அப்படி ஒன்றும் நல்லதில்லை. வளர்ந்த பூனைகளில் பலதுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.

நாலு கிலோ இருக்கிற, வீட்டோடு கிடக்கிற பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி போதும். சாளை நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கடையில் விற்கிற காய்ந்த பூனைத் தீனி 35 கிராம், அதோடு முள் நீக்கி வேகவைத்த மீனோ கோழியோ 60 கிராம் கொடுக்கிறேன். தீனிக்குத் தீனி கணக்கு மாறும், பையின் பின்பக்கம் போட்டிருப்பதைப் பாருங்கள். மீனை உப்பு, காரம், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் தனியாக வேகவைக்கிறேன். வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதில்லை. அந்த டாரின் தண்ணீரில் இறங்கிவிடும் என்பதால் ஆறவைத்து அதையும் ஊற்றுகிறேன். பச்சை மீனைத் தினமும் போட வேண்டாம். சில மீன்களின் பச்சைச் சதையில் பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் உண்டு, வெந்தால் அது போய்விடும். வெறும் மீனோ வெறும் கறியோ முழுச் சாப்பாடு ஆகாது என்பதால்தான் பாதியைத் தீனியாக வைத்திருக்கிறேன்.

அடுப்புக்கு முன்னால் பூனைக்கு

அளவை விட நேரம் முக்கியம். காட்டில் விட்டால் பூனை ஒரு நாளைக்குப் பத்துத் தடவைக்கு மேல் சின்னச் சின்னதாக வேட்டையாடித் தின்னும். நாம் இரண்டு வேளை தட்டு நிறைய வைத்துவிட்டு, நடுவில் எட்டு மணி நேரம் மீன் பொரிக்கிற வாசனையில் அதைக் காயப்போடுகிறோம். நான் அதே அளவை நாலாகப் பிரித்தேன். காலை ஆறு, காலை பத்தரை, சாயங்காலம் ஐந்து, ராத்திரி ஒன்பதரை.

இந்த நேரங்களை எங்கிருந்து எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு வாரம், நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கத்தில், அவன் எப்போதெல்லாம் சாப்பாட்டுக்குப் பாய்கிறான் என்று குறித்து வைத்தேன். ஒரு வாரத்தில் பதினாலு தடவை. அதில் ஆறு, பதினொரு மணிக்கு மீன்காரம்மா வந்து நான் அரிவாள்மனையில் உட்காரும்போது. நாலு, ராத்திரி நாங்கள் சாப்பிட உட்காரும்போது. இரண்டு, எல்லாரும் படுத்த பிறகு சிங்கில். பாக்கி இரண்டு அத்தையின் தட்டில், அதற்குப் பிறகு வருகிறேன். பூனை எப்போதும் திருடுகிறது என்றுதான் நமக்குத் தோன்றும். எழுதிப் பார்த்தால் மூன்று நாலு நேரம், மூன்று நாலு இடம்தான் இருக்கும். அந்த நேரத்துக்கு அரைமணிக்கு முன்னால் பூனையின் வயிறு நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சாயங்காலமும் ராத்திரியும் தீனிக்கு முன்னால் பத்து நிமிஷம் விளையாட்டு. ஒரு குச்சியில் துணிப்பட்டை கட்டி, தரையோடு தரையாக இழுத்து, கட்டில் காலுக்குப் பின்னால் மறைத்து, கடைசியில் அவன் கையில் சிக்கவிட்டு, அப்புறம் தட்டு. துரத்து, பிடி, தின்னு, நக்கு, தூங்கு. பூனையின் உடம்பு இந்த வரிசையில்தான் ஓடுகிறது. ராத்திரி இப்படி முடித்தால் சிங்க் பக்கம் போவது தானாகக் குறைந்துவிடும். ஆட்டம் முடிந்ததும் குச்சியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுங்கள். நூலும் துணிப்பட்டையும் பூனையோடு தனியாக இருக்கக்கூடாது.

ஒரு தடவைகூடக் கிடைக்கக்கூடாது

ருசி கண்ட பூனை உறிக்கு உறி தாவும் என்பார்கள். பழைய வீடுகளில் பால், தயிர், வெண்ணெயை உறியில் தொங்கவிட்டதே இதற்காகத்தான். அந்தப் பழமொழியில் பெரிய விஷயம் இருக்கிறது. பத்து நாள் மேடையேறி ஒன்பது நாள் வெறும் மேடையாக இருந்து, பத்தாவது நாள் ஒரு மீன் துண்டு கிடைத்தால், அந்தப் பூனை இன்னும் நூறு நாள் ஏறும். தினமும் கிடைப்பதை விட எப்போதாவது கிடைப்பதுதான் பழக்கத்தை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால் ‘பெரும்பாலும் மூடி வைக்கிறோம்’ என்பது பிரயோஜனமில்லை. நான் நாற்பது நாள் என்று வைத்துக்கொண்டேன். நாற்பது நாளும் மேடையில், சிங்கில், குப்பைக் கூடையில், தட்டில் ஒரு பருக்கைகூட அவனுக்குத் தானாகக் கிடைக்கக்கூடாது.

எங்கள் சமையலறைக்குக் கதவு கிடையாது, திரைதான். கதவு இருந்தால் பாதி வேலை முடிந்தது, சாத்துங்கள். இல்லாதவர்களுக்கு நான் செய்ததைச் சொல்கிறேன்.

மூடி மேல் அம்மிக்குழவியைத் தூக்கி வைப்பதை நான் நம்பியிருந்தேன். ஒரு நாள் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தேன். சாளை சட்டியின் காதில் முன்னங்காலை ஊன்றி, மூடியின் விளிம்புக்குள் மூக்கை நுழைத்து, தலையால் மேலே நெம்பினான். குழவி ஒரு பக்கம் உருண்டது, அவ்வளவுதான். மண்சட்டியாக இருந்தால் அது வேறு உடையும். கனத்தை விடக் கொக்கி நல்லது. பொரித்த மீன் டிபன் கேரியரின் அடித்தட்டில், மேலே க்ளிப் போட்டு. குழம்பு ஆறும்வரை குக்கருக்குள் வைத்துக் குக்கர் மூடி, வெயிட் தேவையில்லை. பால் காய்ச்சியதும் பூட்டுகிற மூடியுள்ள தூக்குவாளிக்கு மாறும். மைக்ரோவேவ் இருக்கிறவர்கள் அதையே அலமாரியாகப் பயன்படுத்தலாம், எந்தப் பூனையும் திறக்காது. பிரிட்ஜ் கதவைத் திறக்கப் பழகிய பூனை என்றால், குழந்தைகள் திறக்காமலிருக்க ஒட்டுகிற பூட்டை வாங்கி ஒட்டுங்கள். பழைய கம்பிவலை அலமாரி யார் வீட்டிலாவது சும்மா கிடந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதைப் போல ஒரு பொருள் இல்லை. கருவாடு, நெத்திலி காயப்போடுகிறவர்கள் மாடியில் வலையை மேலே போர்த்தினால் மட்டும் போதாது. நாலு பக்கமும் செங்கல் வைத்து அமுக்குங்கள், கை நுழைகிற இடைவெளி விடாதீர்கள்.

மீன் கழுவும்போது சாளையை ரூமில் விட்டுக் கதவைச் சாத்தினேன், அவனுடைய பத்தரை மணிச் சாப்பாட்டோடு. மீன் கழிவுதான் பெரிய தலைவலி. குப்பை வண்டி காலையில்தான் வரும். அதுவரை செதிலும் குடலும் கூடையில் கிடந்தால் நம் பூனையும் வரும், தெருப் பூனைகளும் வரும். நான் கழிவை இரண்டு சுற்று காகிதத்தில் மடித்து, ஒரு பழைய டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடுகிறேன். வண்டிச் சத்தம் கேட்டதும் எடுத்துக் கொடுக்கிறேன். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் வீட்டில் நாற்றமும் இல்லை. ராத்திரி தட்டுகளை அன்றைக்கே கழுவி, சிங்க் வடிகட்டியைத் தட்டி, மேடையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துவிடுங்கள். குழம்பு சிந்திய இடம் ஈரத்துணியில் துடைத்தால் நமக்குப் போய்விடும், பூனையின் மூக்குக்குப் போகாது.

இனிப்பை அப்படியே வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது, நாக்கில் அதற்கான உணர்வே இல்லை. ஆனால் பால்கோவாவில் பால் கொழுப்பு இருக்கிறது, அதற்கு வரும். கேக் மேல் தடவிய க்ரீமுக்கும் அப்படியே.

முதல் வாரம் அவன் அமைதியாகிவிடுவான் என்று எதிர்பார்த்தேன். நேர் எதிராக நடந்தது. மூன்றாவது நாளிலிருந்து மேடையில் ஏறி மூடிகளைத் தட்டிவிட்டான், விடியற்காலையில் கத்தினான், திரையைக் கிழித்தான். இது கெட்ட அறிகுறி இல்லை. இதுவரை வேலை செய்த தந்திரம் வேலை செய்யவில்லை என்றதும் கடைசியாக முழு பலத்தையும் போட்டுப் பார்க்கிறது. இந்த நாட்களில்தான் பலர் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். இருபதாவது கத்தலுக்கு ஒரு துண்டு போட்டால், இருபது தடவை கத்த வேண்டும் என்று அன்றைக்குப் பூனை கற்றுக்கொள்ளும். எங்களுக்கு ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாவது நாள் மேடையில் ஏறி ஒரு சுற்று மோந்துவிட்டுத் தானாக இறங்கிப் போனான். அன்றைக்கு நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை அப்படியே விட்டுவிட்டு அவனைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அத்தையும் சாளையும்

பூனையைப் பழக்குவது ஒரு பங்கு வேலை, வீட்டு ஆட்களைப் பழக்குவது மூன்று பங்கு. அத்தைக்கு எழுபத்தாறு வயது. அவர்கள் தட்டில் சோறு விழுந்தால் சாளை பக்கத்தில் உட்காருவான், அவர்கள் முள் எடுத்த துண்டை விரலிலேயே ஊட்டுவார்கள். “வாயில்லா ஜீவன் ஏங்கிப் பாக்குது. ஒரு துண்டு குடுத்தா கொறஞ்சா போயிரும்?” என்று என்னிடம் கேட்டார்கள். அதில் தப்பே கிடையாது. மாமா போன பிறகு அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற துணை அவன்தான். கொடுக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் சாயங்காலம் ஐந்து மணித் தீனியை முழுதாக அவர்களிடம் ஒப்படைத்தேன். நான் மீனை வேகவைத்து முள் நீக்கி ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்துவிடுவேன். அத்தை அதை எடுத்துப் போய், அவன் இடத்தில், அவன் தட்டில் போட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருக்கலாம். விதி ஒன்றே ஒன்று: நம் தட்டிலிருந்து எதுவும் கிடையாது, அவன் தட்டில்தான் எல்லாம். நாலு நாளில் சாளை ஐந்து மணிக்கு அத்தையின் கட்டிலடியில் போய்க் காத்திருக்க ஆரம்பித்தான். அத்தை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், அவனும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறான். இடம் மட்டும் மாறியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஆசையாகக் கொடுக்கிறவர் ஒருவர் இருப்பார். அவரைத் தடுக்காதீர்கள், அவர் கையில் ஒரு வேளையைக் கொடுங்கள்.

பதினேழாவது நாள் விருந்தாளி ஒருவர் கறிக்குழம்பு எலும்பைத் தரையில் போட்டுவிட்டார். மறுபடி நாலு நாள் தொல்லை. வருகிறவர்களிடம் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுங்கள்.

சாக்கில் உட்காரப் பழக்குவது

நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். தட்டு பூனையின் மூக்கு உயரத்துக்கு வந்துவிடும், ‘வராதே’ என்று சொன்னால் மட்டும் அதற்குப் புரியாது. எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காட்ட வேண்டும். ஹாலில் ஜன்னலுக்குக் கீழே ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். எங்கள் பாயிலிருந்து ஆறடி தூரம்.

சாப்பாட்டு நேரம் இல்லாத வேளையில் ஆரம்பியுங்கள். அவனுடைய அன்றைய பங்கிலிருந்தே பத்துத் தீனி மணிகளை எடுத்துக்கொள்வேன். சாக்கில் ஒரு கால் பட்டதும் ஒரு மணி, சாக்கின் மேலேயே. இறங்கினால் ஒன்றுமில்லை. மறுபடி ஏறினால் ஒன்று. மூன்றாவது நாள் அவன் சாக்கில் ஏறி என் முகத்தைப் பார்த்தான். மூன்று எண்ணிவிட்டுப் போட்டேன். அப்புறம் ஐந்து, பத்து, இருபது. உட்கார்ந்ததும் போட்டேன், முன்னங்காலை மடக்கிப் படுத்ததும் இரண்டு போட்டேன். ஒரு தடவைக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீட்டாதீர்கள், பூனைக்கு அலுத்துவிடும்.

பன்னிரண்டாவது நாள் வெறும் தட்டோடு பாயில் உட்கார்ந்து பார்த்தேன். அப்புறம் தயிர்ச்சோறு. கடைசியாகத்தான் மீன். மீன் வைத்த முதல் நாள் அவன் எழுந்து நின்றான், ஒரு காலைச் சாக்குக்கு வெளியே வைத்தான், காது முன்னால் வந்தது. நான் தட்டை மூடிவிட்டுச் சும்மா இருந்தேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டான். உடனே எழுந்து போய், தனியாக எடுத்து வைத்திருந்த வெந்த மீன் ஒரு துண்டை அவன் தட்டில் வைத்தேன். அந்த ஒரு கால் உள்ளே போனதற்காக அன்று நான் எத்தனை மீன் வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன். இப்போது நாங்கள் பாய் விரிக்கும் சத்தம் கேட்டாலே சாக்குக்குப் போய்விடுகிறான்.

மேடைக்கும் இதே முறைதான். சில பூனைகள் மேடையில் ஏறுவது தின்பதற்காக இல்லை, உயரத்திலிருந்து நாம் என்ன செய்கிறோம் என்று பார்க்க. சமையலறை வாசலுக்கு வெளியே ஓர் உயரமான ஸ்டூலைப் போட்டேன். அதிலிருந்து அடுப்பு தெரியும், எட்டாது. சமைக்கும்போது அங்கே உட்கார்ந்தால் ஒரு தீனி மணி. மேடையில் ஏறினால் பேசாமல் தூக்கி ஸ்டூலில் வைத்துவிடுவேன், திட்டும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது.

இவை வேண்டாம்

அடிக்காதீர்கள். தண்ணீர் பீய்ச்சாதீர்கள். பூனைக்குப் புரிவது ‘இவள் இருக்கும்போது ஏறக்கூடாது’ என்பது மட்டும்தான். நாம் குளிக்கப் போனதும் ஏறும், நம்மைக் கண்டால் ஒளியும். திருட்டு அப்படியே இருக்கும், உறவுதான் போகும். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று சொல்லிக்கொண்டு கொதிக்கிற பாலை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வாய் வெந்த பூனை நாள்கணக்கில் சாப்பிட முடியாமல் கிடக்கும். சாப்பிடாமல் கிடந்தால் பூனையின் ஈரல் சீக்கிரம் கெட்டுவிடும். மிளகாய்த்தூள், அந்துருண்டை, பினாயில், யூக்கலிப்டஸ் தைலம் எதையும் மேடையில் போடாதீர்கள். அந்துருண்டையும் பினாயிலும் அதற்கு விஷம், காலில் பட்டதை நக்கியே உள்ளே போய்விடும்.

வாயில் கவ்விவிட்டால் துரத்தவும் வேண்டாம். துரத்தினால் முள்ளோடு அப்படியே விழுங்கும். தீனி டப்பாவை நாள்தோறும் தட்டுக்கு முன்னால் ஒரு தடவை குலுக்கிப் பழக்குங்கள். அந்தச் சத்தம் கேட்டால் கவ்வியதைப் போட்டுவிட்டு வரும். வந்ததும் கொடுத்துவிட்டு, கீழே கிடப்பதை எடுத்துவிடுங்கள்.

தின்றுவிட்டால் எதற்கெல்லாம் பயப்பட வேண்டும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். நம் மீன் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் நிறைய. இரண்டுமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் அந்தக் குணம் போகாது. சில நாள் கழித்துத்தான் தெரியும். ஈறு வெளுக்கும், சோர்ந்து படுக்கும், மூத்திரம் கருஞ்சிவப்பாகப் போகும். வெந்த கோழி எலும்பு கூர்கூராக உடையும். வாயை முன்னங்காலால் தேய்த்துக்கொண்டு எச்சில் ஒழுக்கினால் முள்ளோ எலும்போ மாட்டியிருக்கலாம். சாக்லேட்டை எட்டாத இடத்தில் வையுங்கள். வாந்தி, காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டு பாராசிட்டமால் கொடுக்கவே கொடுக்காதீர்கள், ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். வாயிலோ பின்பக்கத்திலோ நூல் தெரிந்தால் இழுக்காதீர்கள், வெட்டவும் செய்யாதீர்கள், அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பொட்டலம் வீட்டுக்கு வந்தால் கட்டு அவிழ்த்ததும் நூல் முதலில் மூடி போட்ட குப்பைக்குள் போக வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு வலைமூடி வாங்கிக் கொடுத்தேன். “உன் பூனை என் வீட்டு மீனத் தின்னா நான் யாரப் போய்க் கேக்க?” என்று அவர்கள் ஒரு தடவை கேட்டது நியாயம்தான். நம் வீட்டில் நாற்பது நாள் காத்துவிட்டு, அடுத்த வீட்டில் ஜன்னல் திறந்திருந்தால் எல்லாம் வீண். இப்போது மீன் வாங்குகிற நேரம் அவர்களும் ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள்.

நாற்பது நாள் முடிந்த பிறகு மூடிகளைத் தளர்த்தலாமா என்று கேட்பீர்கள். நான் தளர்த்தவில்லை. சோறு, காய்கறியை மேடையில் விடுகிறேன். மீனும் பாலும் இன்றைக்கும் கொக்கி போட்ட பாத்திரத்தில்தான்.

பண்டிகை நாளுக்கு மட்டும் வேறு ஏற்பாடு. கிறிஸ்துமஸ் அன்று எங்கள் வீட்டில் இருபது பேர் இருப்பார்கள், தட்டு இல்லாத இடம் இருக்காது. அன்றைக்குப் பூனையைச் சோதிப்பது நியாயமில்லை. விருந்தாளிகள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் விளையாடி, வயிறு நிறையக் கொடுத்து, தண்ணீர், வெளிக்குப் போக மண் நிரப்பிய தட்டு, அவன் சாக்கு எல்லாவற்றோடும் தையல் ரூமில் விட்டுவிடுவேன். நூல்கண்டு, ஊசி எல்லாம் முதல் நாள் ராத்திரியே பீரோவுக்குள் போய்விடும். கதவில் ஒரு தாள் ஒட்டுவேன், பிள்ளைகளுக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில்: ‘சாளை உள்ளே இருக்கிறான். சாப்பிட்டாயிற்று.’